வடிகட்டிய தாளிப்பு

மாமியார் இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அன்றைக்குத்தான் ஜெனிபரின் நிம்மதி போயிற்று.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மருமகள் சமையலை மாமியார் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது எந்த வீட்டில் நடக்கிறது? அதிலும் ஜ்வாலாமாலினி போன்ற மாமியார். மகன் ஜீவகன் ஒரு வேதக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதிலிருந்து, செஞ்சிக்கு வந்தாலும் அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவரில்லை. பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, "வெயில் சாஸ்தியா இருக்குது" என்று மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார். இரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

அதற்காக அவரைக் கொடுமைக்காரி என்று ஜெனிபர் நினைத்ததில்லை. சமண நயினார் குடும்பத்தில் பிறந்து, நயினார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வெங்காயம், பூண்டு, மண்ணுக்குள் விளையும் கிழங்கு எதுவும் பிறந்ததிலிருந்து வாயில் படாமல் வளர்ந்தவர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். குழாய்த் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடத் தன்னால் சாகக்கூடாது என்று இருப்பவர், மீன் வாசம் அடிக்கும் வீட்டிலிருந்து வந்தவளைக் கண்டதும் கட்டிக்கொள்வாரா என்ன?

ஆனி மாதம் அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வல்லத்தைத் தாண்டியிருந்த கிராமத்து வீட்டில் தனியாக இருந்தவரை ஜீவகன் பிடிவாதமாகச் செஞ்சிக்கு அழைத்து வந்துவிட்டான். அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அப்படித்தான் ஜெனிபரின் கைச்சோறு அவர் தட்டுக்கு வந்தது.

ஜெனிபர் ஒரு குறையும் வைக்கவில்லை. மாமியாருக்கென்று புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தாளிப்புக் கரண்டி. குழாயில் வெள்ளைத் துணி. அவர் சாமான்களுக்கு அலமாரியில் தனித் தட்டு. ஆனாலும் ஜ்வாலாமாலினி நாலு வாய் சாப்பிடுவார், தட்டை ஒதுக்கிவிடுவார். "போதும்" என்ற ஒரு சொல்தான். மாத்திரை போடுகிறவர் இப்படிச் சாப்பிட்டால் எப்படி என்று ஜீவகன் தவித்தான்.

"உங்கம்மாவுக்கு என் கை ஆகல" என்றாள் ஜெனிபர்.

"கைக்கு இன்னா, அழகான கைதான்" என்று அதைப் பிடித்துக்கொண்டான் ஜீவகன். "நாக்குதான் அவங்களுக்கு மரத்துப் போச்சு. பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வல்லத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அன்றைக்கு வல்லத்திலிருந்து வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தபோது சூரியன் ராஜகிரி மலைத் தலைமேல் உட்கார்ந்திருந்தது. செஞ்சியில் பொழுது சாய்வது என்றால் அந்த மலைக்குப் பின்னால் போவதுதான். ஜ்வாலாமாலினிக்கு அதுதான் கணக்கு. அது போனால் காலையில்தான் சோறு.

குக்கரில் பச்சைப்பயறு வெந்தது. மத்தால் கடைந்து இரண்டாகப் பிரித்தாள். மாமியாருக்கு ஒரு சட்டி, தங்களுக்கு ஒரு சட்டி. மாமியாருடையதற்குக் கடுகு, சீரகம், பெருங்காயம். தங்களுடையதற்கு வடகம்.

வடகம் அவள் அம்மா அருளம்மாள் கோடையில் போட்டு அனுப்பியது. சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்தும் கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் கலந்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, வெயிலில் நாள்கணக்கில் காயவைத்த கறுத்த உருண்டைகள். ஒன்றில் கொஞ்சம் கிள்ளி எண்ணெயில் போட்டால் தெருவுக்கே தெரியும்.

கரண்டி இரண்டும் அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கரண்ட் போய் ஜன்னல் வெளிச்சம்தான். அவசரத்தில் கை மாறியது. வடகத் தாளிப்பு மாமியாரின் சட்டியில் சுர்ரென்று இறங்கியபின்தான் அவளுக்கு உறைத்தது.

மறுபடி பயறு வேகவைக்க நேரமில்லை. வெறும் சோறு போட்டால் இரண்டு வாய்கூட இறங்காது. வெறும் வயிற்றில் மாத்திரை. மேலாக மிதந்த கறுப்பையெல்லாம் ஸ்பூனால் வழித்து எடுத்தாள். ஏசுவே, இன்றைக்கு ஒருநாள் என்று சொல்லிக்கொண்டு தட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஜ்வாலாமாலினி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வாய் எடுத்தார். நிறுத்தினார்.

"இன்னா போட்டு தாளிச்ச?"

"உளுத்தம்பருப்பு அத்தே... சீரகம், கறிவேப்பில." எல்லாம் வடகத்தில் உள்ளவைதான். சொல்லாமல் விட்டது இரண்டே இரண்டு.

"நல்லா இருக்குது. இன்னும் கொஞ்சம் சோறு போடு, ஜெனி."

ஜெனி. இரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவள் பெயர் வந்ததில்லை. 'அந்தப் பொண்ணு', 'உன் வீட்டுக்காரி', இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. ஜெனிபர் சோறு போட்டாள். மனசில் பயம் பாதிதான். மீதிப் பாதி சந்தோஷம். பின்னால் எத்தனையோ நாள் அவளைத் தின்றது அந்த மீதிப் பாதிதான்.

அத்தோடு நின்றிருந்தால் தவறிப்போன கை என்று மன்னித்துவிடலாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பெருங்காயத் தாளிப்புத்தான் போட்டாள். ஜ்வாலாமாலினி பழையபடி நாலு வாயோடு ஒதுக்கினார்.

"அன்னிக்கி செஞ்ச மாதிரி இல்லியே" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, பெரிய மனுஷி சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கிச் சொன்னார்.

அடுத்த வாரம் ஜெனிபர் தெரிந்தே செய்தாள். எண்ணெயில் வடகத்தைக் கிள்ளிப் போட்டு, சிவந்ததும் டீ வடிகட்டியில் வடித்து, எண்ணெயை மட்டும் மாமியாரின் சட்டியில் ஊற்றினாள். ஒரு கறுப்புத் துணுக்கு தட்டில் தெரியாது. வாசம் வந்தாலும் அது மகன், மருமகளின் சட்டியிலிருந்து வருவது என்றே அவர் நினைப்பார். அவர்கள் சட்டியில் வெங்காயம் வேகுமென்பது தெரிந்ததுதானே. வாயில் அந்த ருசி இன்னதென்று சொல்ல அவர் அதை ஒருநாளும் தின்றதில்லை.

குழாயில் வெள்ளைத் துணி தொங்கியது. கையில் டீ வடிகட்டி. ஓர் உயிரும் உள்ளே போய்விடக்கூடாது என்று அவர் வடிக்கிறார். உண்மை வெளியே வந்துவிடக்கூடாது என்று தான் வடிக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, ஊற்றினாள்.

வாரத்தில் ஒரு நாள் என்பது இரண்டு நாளாயிற்று. கடைசலுக்கு ஊற்றியது காராமணிக் குழம்புக்கும் போயிற்று. ஜ்வாலாமாலினியின் கன்னத்தில் சதை வைத்தது. சாயங்காலம் ஜெனிபரின் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தார். தன் கல்யாணத்தன்று மாட்டுவண்டி கவிழ்ந்து, மாப்பிள்ளை மல்லிநாதன் பட்டுவேட்டியோடு சேற்றில் விழுந்த கதையைச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கண்ணுல தண்ணி வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு அத்தே."

"அவருக்கு இன்னா தெரியும். உங்க மாமனார் எழுந்து நின்ன கோலத்தைப் பாத்திருந்தா அவருமே அழுதிருப்பாரு."

விதைக் கடையிலிருந்து வந்த ஜீவகன் வாசலில் நின்று இருவரையும் பார்த்தான். சமையலறைக்கு வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"இன்னா மாயம் பண்ண நீ? ரெண்டு வருசமா நான் கெஞ்சி நடக்காதது."

"ஒண்ணும் பண்ணல."

"பண்ணிருக்க. நம்ம வீட்டுல எங்கம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

அவள் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள்.

அம்மாவிடம்தான் போனில் சொன்னாள். அருளம்மாள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏண்டி, எண்ணெயில போட்டா கருகிப் போவுது. அதுல வெங்காயம் எங்க இருக்குது, பூண்டு எங்க இருக்குது?"

"விளையாடாதம்மா. அவங்க பொறந்ததுலேருந்து தொட்டதில்ல."

"தொட்டு இப்போ இன்னா ஆச்சு? உடம்பு தேறித்தான் இருக்குது."

"பெரிய வெள்ளிக்கிழம உன் தட்டுல யாராவது தெரியாம கறி வெச்சா சும்மா இருப்பியா?"

அருளம்மாள் சிரிப்பை விட்டு, "இனிமே ஊத்தாத. ஆனா சொல்லாத. சொன்னேன்னா அந்தம்மா மூட்டையக் கட்டும். உம் புருசன் உன்னை ஏறெடுத்துப் பாக்க மாட்டான்" என்றாள்.

சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழந்தாளிட்டு, பூசைக்கு வராததைச் சொன்னாள், அலுவலகத்தில் ஒருத்தியைப் பற்றிப் புறம் பேசியதைச் சொன்னாள். இதைச் சொல்ல வாய் வரவில்லை. குருவானவரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கி வந்துவிடலாம். ஆனால் யாருக்குச் செய்தாளோ அவர் வீட்டில் அவளுக்காக அவரைக்காய் ஆய்ந்து வைத்திருப்பாரே. அன்றிலிருந்து ஊற்றுவதை நிறுத்தினாள். மழைக்கு நாக்கு மாறிவிட்டது என்று ஜ்வாலாமாலினியே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, முன்போல் ஒதுக்காமல் பாதி சாப்பிட்டார். அதைப் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆவணியில் அவருடைய பத்து நாள் விரதம் வந்தது. ஒருவேளைச் சாப்பாடு, கடைசி நாள் தண்ணீர்கூட இல்லாத முழுப் பட்டினி. மறுநாள் காலை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிடுவதுதான் பாரணை. அது சுத்தமாக இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷம் அவர் தன் கையால் சமைத்துத்தான் பாரணை செய்தார்.

பட்டினி நாள் சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் ஜெனிபரை அழைத்தார். குரல் நூலாக இருந்தது.

"நாளைக்கிப் பாரணைக்கு நீயே சமைச்சுடு. பச்சைப்பயறு கடைசல், அன்னிக்கி செஞ்சியே, அந்த மாதிரி."

"நானா அத்தே?"

"நீதான். ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. இந்தப் பத்து நாளும் மந்திரம் சொல்லச் சொல்ல, மனசு அந்தக் கடைசல்கிட்ட போயி நின்னுக்கிச்சு. விரதத்துல சாப்பாட்ட நினைக்கிறதே பாவம். இந்த வயசுல எனக்கு இன்னா நாக்கு பாத்தியா."

ஜெனிபர் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தான் திருட்டுத்தனமாக ஊட்டிய ருசிக்கு அவர் தன்னைப் பாவி என்கிறார்.

காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு சமைத்தாள். வடகச் சாடி இருந்த பக்கம் கண் போகவில்லை. கடுகு, சீரகம், பெருங்காயம். ஜீவகன் அம்மாவைக் கோயிலிலிருந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைக்கு லோடு வருகிறதென்று கிளம்பிவிட்டான்.

ஜ்வாலாமாலினி தட்டின்முன் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி போய், இப்போது கண் தெளிந்திருந்தது. பிசைந்து முதல் வாய் வைத்தார். மெதுவாக மென்றார். முகத்தில் ஏறியிருந்த ஆசை அடங்கியதை ஜெனிபர் பார்த்தாள். உடனே அதை மறைக்க அவர் அவசரமாக இன்னொரு வாய் எடுத்ததையும் பார்த்தாள்.

"நல்லா இருக்குது" என்றார். "பட்டினி கெடந்த நாக்கு, அதுக்கு ஒண்ணும் தெரியல. நீ நல்லாத்தான் செஞ்சிருக்க. நீயும் உக்காரு, இன்னும் சாப்பிடலியே நீ."

தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார், அவள் மனம் கோணக்கூடாது என்று. அவர் விரலால் தட்டை வழிக்கும்போது ஜெனிபர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க நாக்கு மேல தப்பில்ல அத்தே. இதுல அது இல்ல."

"எது?"

சொன்னாள். பஸ் நின்றது, கரண்ட் போனது, கை மாறியது. பிறகு கை மாறாமல் தெரிந்தே ஊற்றியது. வெங்காயம், பூண்டு என்ற இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னாள். டீ வடிகட்டியையும் விடவில்லை. இன்றைய சமையல் சுத்தம் என்று மட்டும் மாதாவின் மேல் ஆணையிடப் போனவள், தன் ஆணைக்கு இனி என்ன மதிப்பு என்று நிறுத்திக்கொண்டாள்.

ஜ்வாலாமாலினியின் கை தட்டிலேயே இருந்தது.

"மொதல் தடவ தவறிடுச்சு. சரி. ரெண்டாந்தடவ?"

"நீங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. திரும்பவும் கூப்பிடணும்னு..."

"இன்னா போட்டேன்னு நான் கேட்டேனே, ஜெனி."

"கேட்டீங்க."

"பாக்கத் தெரியாம உக்காந்திருந்தேன். நீ கொண்டாந்து வெச்சத நம்பித்தானே தின்னேன்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஜெனிபர் அழுதிருப்பாள். இப்போது அழக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று இருந்தது. ஜ்வாலாமாலினி எழுந்து கை கழுவினார், நெடுநேரம். வாய் கொப்பளித்தார். பிறகு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஜெனிபர் அன்று வேலைக்குப் போகவில்லை. மூட்டை கட்டுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அறைக் கதவருகில் நிழல் தெரிந்தது.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லணும்" என்றார் ஜ்வாலாமாலினி. "அடுத்த வருசம் இதே விரதம் வர்ற வரைக்கும் எனக்குப் பச்சைப்பயறு வேணாம்."

"நான் செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் அத்தே..."

"தின்ன வாய் என்னுது." செருப்பை மாட்டிக்கொண்டார். "ஜீவகங்கிட்ட சொல்லாத. ஒண்ணு உன்னைத் திட்டுவான், இல்ல என்னைச் சமாதானம் பண்ண வருவான். ரெண்டும் எனக்கு வேணாம்."

"அந்த வடகத்தத் தூக்கிப் போட்டுடறேன்."

"எதுக்கு? உங்கம்மா வெயில்ல உக்காந்து காய வெச்சது. அது ஒண்ணும் பண்ணல." அவர் அவளைப் பார்க்காமலே படியிறங்கினார்.

அவர் ஊருக்குப் போகவில்லை. அதுதான் ஜெனிபருக்குக் கிடைத்த தண்டனையாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து சமைக்கிற நேரத்துக்குச் சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். ஜெனிபர் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து அவர் பார்க்கும்படி சாய்த்துக் காட்டிவிட்டுப் போட்டாள். யாரும் காட்டச் சொல்லவில்லை. பரிமாறியதைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. கல்யாணக் கதைகளும் நின்றுபோயின.

"ரெண்டு பேருக்கும் இன்னா சண்ட?" என்றான் ஜீவகன், இருவரையும் மாறிமாறிப் பார்த்து.

"சண்டயா? உம் பொண்டாட்டி என்னை ஒரு வார்த்த பேசினதில்ல" என்றார் ஜ்வாலாமாலினி. அது உண்மைதான். ஜெனிபர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

தன் தட்டில் வடகம் தாளித்த குழம்பு அவளுக்கு இறங்கவில்லை. மாமியார் சட்டியிலிருந்தே தனக்கும் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருநாள் அதைப் பார்த்த ஜ்வாலாமாலினி, "எனக்காக ஒண்ணும் நீ விட வேணாம்" என்றார். "விடல அத்தே. பிடிச்சுத்தான் சாப்பிடறேன்" என்றாள். அது பொய். ஒரு பொய்கூட இனிச் சொல்வதில்லை என்று எடுத்த முடிவு அத்தோடு போயிற்று. அவள் அதையும் உடனே ஒப்புக்கொண்டாள்: "பிடிக்கல. ஆனா இப்போதைக்கி இதுதான் இறங்குது." ஜ்வாலாமாலினி அவள் முகத்தை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார்.

புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெனிபர் மிளகு ரசமும் புடலங்காய்ப் பொரியலும் செய்தாள். புடலங்காய்க்குத் தேங்காய் துருவும்போதுதான் கவனித்தாள், வாசலில் ஸ்டூல் இல்லை. முன்னறையில் டிவி ஓடியது. ஏதோ சீரியலில் யாரோ யாரையோ அறைந்தார்கள். "நல்லா வேணும்" என்று மாமியாரின் குரல் கேட்டது. ஜெனிபர் தாளிப்பு டப்பாக்களைச் சாய்த்துக் காட்ட ஆளில்லாமல் ஒரு கணம் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு போட்டாள்.

தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது ஜ்வாலாமாலினி டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார்.

"உப்பு எங்க போச்சு? ரசமா இது, வெந்நீரா?"

பாரணைக்கப்புறம் சாப்பாட்டைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். ஜெனிபர் ஒரு நிமிஷம் மரம்போல் நின்றாள். கண் கரித்துக்கொண்டு வந்தது.

"மறந்துட்டேன் போலிருக்குது அத்தே."

"மறப்ப, மறப்ப. நின்னு பாத்துக்கிட்டிருந்தா உப்பு வருமா? போயி கொண்டா, சோறு ஆறுது."

அவள் ஓடினாள்.